பந்தாட்டக்காரனின் தாய்

மகனே,

'அன்புள்ள' என்ற சொல்லை இந்தக் கடிதத்தின் தலையில் நான் வைக்கவில்லை. அன்பு இல்லாமல் அல்ல; கீழே எழுதியிருப்பதை வாசித்து முடித்த பிறகு அந்தச் சொல் உனக்கு ஓர் இலஞ்சம்போலத் தோன்றக்கூடும் என்பதால். எழுபத்துமூன்று வயதில் ஒருத்தி தன் மகனுக்குக் கைப்பட நீண்ட கடிதம் எழுதுகிறாள் என்றால், ஒன்றில் அவளுக்கு நோய் வந்திருக்க வேண்டும், அல்லது அவள் எதையோ மறைத்து வைத்திருந்திருக்க வேண்டும். எனக்கு நோய் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு கிழமையில் உனக்குக் கலியாணம். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசித்தாயிற்று, மூன்றாவது நாளைக்கு. 'இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறியத்தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று சுவாமியார் வாசிக்கும்போது, சனம் முழுவதும் ஏதாவது நடக்காதா என்ற நப்பாசையில் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. போன ஞாயிறு நான் மட்டும் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அறிந்தது விவாகத்துக்குத் தடை அல்ல. ஆனால் முப்பத்தைந்து வயது மகனைப் பற்றி அவனுக்கே தெரியாத ஒன்றை அறிந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் முழங்காலில் நிற்பது, அந்த அறிவித்தலின் சொற்களுக்குள் எங்கோ வரத்தான் செய்கிறது.

இதற்குள் நீ குடிவரவுக் கடதாசிகள் வைத்திருக்கும் அந்த மண்ணிறக் கோப்பையும் கேட்டுவிட்டாய். இத்தனை வருடமாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சோம்பல்பட்டவன், இப்போது கட்டப்போகிறவள் மெலனி சொன்னதும் அசைகிறாய். உன் சின்னம்மா வவுனியா முகாமில் இருக்கிறாள், கனடாக் கடவுச்சீட்டோடு போனால்தான் கம்பிக்கு இந்தப் பக்கத்தில் நின்றாவது அவளைப் பார்க்கலாம் என்று அந்தப் பிள்ளை சொல்வது சரிதான். யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொல்கிறது. சொல்பவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வதால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. போன கிழமை என் தங்கை மூன்று நிமிடம் தொலைபேசியில் பேசினாள். "நாங்கள் நல்லாய் இருக்கிறம் அக்கா, சாப்பாடு தருகினம், ஒரு குறையும் இல்லை" என்றாள். அறுபத்தாறு வருடத்தில் அவள் குறை சொல்லாமல் மூன்று நிமிடம் பேசியதே இல்லை. பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள். ஆகவே நீ போகத்தான் வேண்டும். அதற்கு நாங்கள் வந்த காலத்துக் கடதாசிகள் வேண்டும். அந்தக் கடதாசிகளுக்கு நடுவில் நீ காணக்கூடாதென்று நான் வைத்திருந்த இரண்டு தாள்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கிழித்துவிட்டுக் கோப்பைத் தந்திருக்கலாம். நான் வரலாறு படித்தவள். ஆவணத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. ஒளித்துவைக்க மட்டும் வந்தது.

எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, போன சனிக்கிழமை மத்தியானம் அந்தப் படம் ஒரு தொடக்கத்தைத் தந்தது. நாம் மூவரும் மேசையில் இருந்து அழைப்பிதழ் உறைகளில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தோம். செய்தியைப் பார்க்கப் பொறுக்காமல் நீ அலைவரிசையை மாற்றினாய். கறுப்பு வெள்ளையில் ஒரு பொடியன், தோளில் திண்டு வைத்துக் கட்டி, தலையில் தோல் தொப்பி போட்டு, இரு முனையும் கூரான பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். ஏதோ பழைய ஹொலிவூட் படம் என்றுவிட்டு நீ ரிமோட்டைக் கீழே வைத்தாய். அவனுடைய முகத்தைக் கண்ட மாத்திரத்தில் எழுதிக்கொண்டிருந்த விலாசத்தைப் பாதியில் விட்டேன். ஐம்பது வருடத்துக்கு முன்னர் பார்த்த முகம். மெலனி அப்போது பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அன்ரி, இவர் ஹைஸ்கூல்ல பெரிய ஃபுட்போல் ஸ்டாராமே? ஸ்டேற்ஸில இருந்து ஒரு கோச் வீட்டுக்கே வந்து கேட்டவராமே? பிறகு ஏன் போகேல்ல?"

நான் வாயைத் திறக்குமுன் நீ பதில் சொன்னாய். "பேப்பர் வரேல்ல. லாண்டட் இல்லாமல் போர்டர் தாண்ட ஏலாது. ஒருத்தரிலயும் பிழை இல்லை. அம்மாதான் பாவம், அந்த நேரம் இமிகிரேஷனுக்கு எத்தினை தரம் ஃபோன் அடிச்சவ தெரியுமே?"

அடித்தேன். அது உண்மை. எதற்காக அடித்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முதல், அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்த இடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மாணவர் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். உதைபந்தாட்ட வீரனைப் பற்றிய அமெரிக்கப் படம் என்று அறிவித்திருந்ததால் ஆண்கள் விடுதியே திரண்டு வந்திருந்தது. படம் தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "டேய், பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுறான்! ஃபவுல், ஃபவுல்! எங்கையடா ரெஃபரி?" என்று கத்தினான். மண்டபம் அதிர்ந்தது. காலால் தொடாத விளையாட்டுக்கு உதைபந்து என்று பேர் வைத்திருப்பவர்களை எப்படி நம்புவது என்று எனக்கு அப்போதே தோன்றியது. கதை எளிமையானது. ஒரு பேக்கரிக்காரனின் மகன், நன்றாக ஓடுவான். தொப்பி வைத்த இரண்டு கனவான்கள் அவர்களுடைய வீட்டுக் குசினிக்குள் வந்து இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத தாய் சூப் கொடுக்கிறாள். "இதுபோலச் சூப்பை நாங்கள் எங்கும் குடித்ததில்லை" என்று புகழ்ந்து, இரண்டாம் கோப்பையும் வாங்கிக் குடித்துவிட்டு, மகனைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அங்கே அவனைத் தோளில் தூக்குகிறார்கள்; அவன் எழுதாத பரீட்சைக்குப் பேராசிரியர் ஒருவர் பாஸ், சித்தி என்று போடுகிறார்; வலிக்கிறது என்று அவன் சொன்ன முழங்காலில் ஊசி ஏற்றி மறுபடியும் மைதானத்துக்கு அனுப்புகிறார்கள். கால் போய்விடுகிறது. வைத்தியசாலைக் கட்டிலுக்கு வரும் பயிற்சியாளர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்க்கிறார். வெளியே போய்க் கூடத்தில் நின்று, "அடுத்தவன் யார்?" என்று கேட்கிறார். அந்தக் கூடமும் அந்தக் கேள்வியும்தான் எனக்கு அந்தப் படம். அப்போது எனக்கு இருபது வயது; இனிமேல் என்னை யாரும் ஏமாற்றமுடியாது என்று எண்ணிக்கொள்ள அந்த வயதுக்கு அது போதும்.

இனி உன் கோச்சுக்கு வருகிறேன். உனக்குப் பதினெட்டு வயது. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருந்தோம். உன்னுடைய பாடசாலை அணியில் தமிழ்ப் பிள்ளை நீ ஒருவன்தான்; மற்றவர்களின் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு அலைய, நீ மட்டும் தோளில் திண்டு கட்டிக்கொண்டு போனாய். நயாகராவுக்கு அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் இருந்து அந்த மனிதர் வந்தார். கதவளவு உடம்பு, விரலில் கல் வைத்த மோதிரம். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று அவராகவே தீர்மானித்துக்கொண்டு, செவிடிக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். பரீட்சை மண்டபங்களில் அந்த மொழியில் மணிக்கணக்காக எழுதியவள் நான். ஆனாலும் அவரைத் திருத்தவில்லை. உன்னை மொழிபெயர்க்கவிட்டேன். ஏன் தெரியுமா? நீ அவர் சொன்னதைச் சரியாகச் சொல்கிறாயா என்று பார்ப்பதற்கு. வந்தவரை மட்டுமல்ல, பெற்ற பிள்ளையையும் நான் அன்றைக்குச் சோதித்தேன்.

"படிப்புப் பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம், ஒவ்வொரு நாளும் ஒருவர் கூட இருப்பார்" என்றார் அவர். நீ என்னிடம், "படிப்புக்கு உதவிக்கு ஆள் விடுவினமாம் அம்மா" என்றாய். எழுதாத பரீட்சை என் கண்முன் வந்தது. நான் தட்டில் வைத்த மீன் கட்லட்டில் நாலைச் சாப்பிட்டுவிட்டு, "இதுபோல ஒன்றை என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை" என்றார். அந்தக் கணத்தில் தீர்மானித்துவிட்டேன். நீ சிரிப்பாய். ஒரு மனிதர் பசியோடு வந்து நாலு கட்லட் சாப்பிட்டதற்காக உன்னுடைய எதிர்காலத்தின் கதவைச் சாத்தினேன். அன்றைக்குக் கட்லட்டில் உப்புக் கூடிவிட்டது. அதனால்தான் அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு உறுதியாயிற்று.

இதை எழுதும்போது எனக்கே நியாயம் தேடுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து என் சமையலைப் புகழ்ந்து உன் காலைப் பார்த்தவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவன், இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பவன், யாழ்ப்பாணத்தில் வந்தான். உனக்கு அப்போது பதின்மூன்று. பாடசாலைப் போட்டியில் நீ முதலாவதாக ஓடி வந்த கிழமை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து இருந்தான். வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது, மிகவும் பணிவானவன். "ரீச்சர், உங்கட தேத்தண்ணி மாதிரி ஒரு இடத்திலயும் இல்லை" என்றான். பிறகு, "தம்பி நல்லாய் ஓடுறான் ரீச்சர், இப்பிடிப் பிள்ளையள்தான் எங்களுக்குத் தேவை" என்றான். மறுமாதம் என் தாலிக்கொடியும் உன் அப்பா விட்டுப்போன காணியும் விலைபோயின. நீயும் நானும் கொழும்பில் நின்றோம். அந்தச் சந்தேகம் உன் உயிரைக் காப்பாற்றியது. அதைப் பற்றி நான் வருந்தவில்லை. அந்தப் பொடியன் இந்தச் சித்திரை, வைகாசியில் எந்தக் கடற்கரையில் இருந்தானோ, அதற்கும் முன்பே முடிந்துபோனானோ, எனக்குத் தெரியாது. இந்த நாட்களில் அவனை அடிக்கடி நினைக்கிறேன். ஆனால் ஒருமுறை சரியாக வந்த சந்தேகத்தை அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் சாவிபோல இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். கதவு எதுவானாலும் அதையே போட்டுத் திருப்பினேன். பூட்டுவதற்கு மட்டும்.

நடந்தது இதுதான். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு, நீ லாண்டட் என்று சொன்ன அந்தக் கடதாசிக்கு, காத்திருந்தோம். ஆவணி முடிவதற்குள் அந்தக் கடதாசி கையில் இருந்தால் மிச்சத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகக் கோச் சொல்லியிருந்தார். கோடை முழுவதும் நீ தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாய். வேலை விட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "இண்டைக்கும் வரேல்லையா அம்மா?" என்று கேட்பாய். "இல்லை அப்பன்" என்பேன். ஆடி நடுப்பகுதியில் ஒரு நாள் அது வந்தது. நீயும் நானும் ஆவணி இரண்டாம் கிழமை அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று எழுதியிருந்தது. தபால்பெட்டிச் சாவி என்னிடம்தான் இருந்தது. அன்று பின்னேரமும் நீ கேட்டாய். அன்று பின்னேரமும் "இல்லை அப்பன்" என்றேன். மறுநாள் நீ வேலைக்குப் போனபிறகு தொலைபேசி எடுத்தேன். என்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில், எனக்கு ஒரு சத்திரசிகிச்சை இருக்கிறது, திகதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு தரம் அல்ல. நாலு தரம் அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் என்னுடைய உடல்நலத்துக்குப் பிரார்த்திப்பதாகவும் சொன்னாள். ஐப்பசிக்குத் தள்ளிவைத்தார்கள். நீ மெலனிக்குச் சொன்னாயே, அம்மா எத்தனை தரம் ஃபோன் அடித்தாள் என்று. அந்த அழைப்புகள் இவைதான்.

நம்முடைய ஆட்களில் அந்தக் கடதாசியைத் துரிதப்படுத்த நேர்த்தி வைத்தவர்களைத் தெரியும், அழுதவர்களைத் தெரியும், அதிகாரியின் காலில் விழுந்தவர்களையும் தெரியும். வந்த கடதாசியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சியவள் இந்த ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆவணி முடிந்தது. நீ அழவில்லை, கதவை அடிக்கவில்லை. கோச்சுக்கு நீயே ஒரு கடிதம் எழுதினாய். எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் தந்தாய். மூன்று பிழைகளைத் திருத்தினேன். பிறகு இங்கேயே இரண்டு வருடப் படிப்பு, பிறகு பிறம்ரனில் லொறிகளுக்குப் பாதை வகுக்கும் வேலை, அஜக்ஸில் வீடு, நாள்தோறும் நாலுநூற்றியொன்று நெடுஞ்சாலையில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அது கௌரவமான வாழ்க்கை; அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நீ தெரிவு செய்த வாழ்க்கை என்று மட்டும் அதைச் சொல்லமுடியாதபடி நான் செய்துவிட்டேன்.

இனிச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். நீங்கள் இருவரும் உறைகளை மறந்து படத்தில் மூழ்கிவிட்டீர்கள். நான் தலை நிமிராமல் விலாசம் எழுதுவதுபோலப் பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சூப் வந்தது, ஊசி வந்தது, கட்டில் வந்தது, கூடத்தில் "அடுத்தவன் யார்?" வந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். பார்த்தாயா, நான் நினைத்தபடிதானே இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன். "சரி, படம் முடிஞ்சுது. தேத்தண்ணி போடுறன்" என்றேன்.

"எங்கையம்மா முடிஞ்சது?" என்றாய் நீ, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கிடக்கு."

நான் குசினி வாசலில் நின்றுவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐம்பது வருடம் எங்கே போயிருந்ததோ தெரியாத ஞாபகம். அன்றைக்கு மண்டபத்தில் மின்சாரம் போய், சுருளும் இரண்டு தரம் அறுந்து, படம் நெடுநேரம் பிந்திவிட்டது. பெண்கள் விடுதியின் கேற்றை ஏழரைக்குப் பூட்டுவார்கள். பிந்தி வந்தால் பெயரை எழுதி வீட்டுக்கு அறிவிப்பார்கள். அந்தக் கூடத்துக் காட்சியில் என் சிநேகிதி என்னுடைய சேலையைப் பிடித்து இழுத்தாள். "எழும்படி, வார்டன் கிழவி பூட்டப்போறாள்!" இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். அந்தப் படத்தின் முடிவை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததை நானே எழுதி நிரப்பினேன். நிரப்பியதைப் பார்த்ததாகவே நம்பினேன். நம்பியதை வைத்து உன்னுடைய திகதியைத் தள்ளிவைத்தேன். மூலத்தை முழுமையாக வாசிக்காமல் மேற்கோள் காட்டிய மாணவிக்கு நான் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

மிச்சம் இருபது நிமிடம். நின்றுகொண்டே பார்த்தேன். பொடியன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். "அவங்கள் உன்னைப் பாவிச்சுப்போட்டாங்கள்" என்ற கருத்தில் தகப்பன் கத்துகிறான். மகன் மறுக்கவில்லை, ஆனால் அங்கே போயிராவிட்டால் தனக்கு இரண்டு பேரைத் தெரிந்திராது என்கிறான். ஒருவர், தனக்கு நேர்மையாகச் சித்தியில்லை என்று போட்ட ஒரேயொரு கிழட்டு ஆசிரியர். மற்றவன், அந்த ஆசிரியரிடம் திரும்பிப் போக விரும்பும் தான். பகலில் பேக்கரியில் மாப்பிசைந்து, பின்னேரத்தில் அவருடைய வகுப்பில் பின்வரிசை வாங்கில் போய் இருக்கிறான். அவ்வளவுதான். படமுதலாளிகள் சனத்தைத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்புவதற்காக ஒட்டிய முடிவாகவும் இருக்கலாம். எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. நல்ல முடிவென்றும் சொல்லமாட்டேன். கால் கால்தான், போனது போனதுதான். ஆனால் அந்தப் பிழை அவனுடைய பிழை. அதிலிருந்து எழும்பியதும் அவன்தான்.

மெலனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவன் ஒரு லூசு. அவங்கள்ட மூஞ்சையைப் பார்க்கவே தெரியுதே, ஏன் போனவன்?" என்றாள்.

"நான் எண்டாலும் போயிருப்பன்" என்றாய் நீ. "காலை உடைப்பாங்கள் எண்டு எழுதித் தந்தாலும் போயிருப்பன்."

"காலை உடைச்சுப்போட்டு வந்தால் ரிசப்ஷனில என்னோட ஆர் ஆடுறது? அன்ரியோ?"

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் குசினிக்குள் போய், சுடாத கேத்திலில் இருந்து மூன்று கோப்பையிலும் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன்.

இதுவரைக்கும் நான் சொன்னது முதலாவது தாளின் கதை. இதோடு நிறுத்தியிருந்தால் நீ என்னை மன்னித்துவிடுவாய். யாழ்ப்பாணத்தில் பயந்தவள், படம் பார்த்துப் பயந்தவள் என்று. அப்படி நினைப்பதற்கு வசதியாகத்தான் இதுவரை எழுதிக்கொண்டும் வந்திருக்கிறேன் என்று இப்போது வாசித்துப் பார்க்கையில் தெரிகிறது. ஆகவே இரண்டாவது தாள். நீ கோச்சுக்கு எழுதிய கடிதத்துக்குப் புரட்டாதியில் பதில் வந்தது. உன் பெயருக்கு வந்தது, நான் உடைத்தேன். கையெழுத்துக் கோழி கிளறியது போல. கடதாசி பிந்துவது உன்னுடைய பிழை அல்ல, தைமாதத் தவணை வரைக்கும் உனக்கான இடத்தை வேறொருவருக்கும் கொடுக்கமாட்டேன், அதுவரை படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடு, கணிதத்தை விடாதே என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி: 'உன் அம்மாவின் மீன் உருண்டைகளை இன்னும் நினைக்கிறேன்.' ஐப்பசியில் நாம் போய்க் கையெழுத்திட்டோம். கடதாசி கையில் வந்தது. தைக்கு மூன்று மாதம் இருந்தது. நீ போயிருக்கலாம்.

அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் நான் உன்னிடம் சொல்லவேண்டியது. "அடுத்தவன் யார்?" என்று கேட்கிற ஆள் காத்திருக்கமாட்டான், இந்த மனிதர் காத்திருப்பதாக எழுதியிருந்தார். என்னுடைய சந்தேகம் பிழையாய்ப் போயிற்று என்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிற்று. அதை உன்னிடம் தருவதென்றால் ஆடியில் செய்ததையும் சொல்லவேண்டும். ஆகவே, தடுப்பூசி அட்டைகளுக்குப் பின்னால் அதை வைத்தேன். முதலாவதைப் பயத்தில் செய்தேன். இரண்டாவதை மானத்துக்காகச் செய்தேன். கெட்டிக்காரி என்ற பேரைக் காப்பாற்ற ஒரு தாய் தன் பிள்ளையிடம் இருந்து எதை எடுப்பாள் என்று கேட்டால், என்னிடம் பதில் கோப்பில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் இளையவர், "பிள்ளையின் நன்மைக்காகத்தானே அம்மா செய்தீர்கள்" என்று, மூன்று அருள்நிறைந்த செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எழுதாத பரீட்சைக்குச் சித்தி. செபத்தைச் சொன்னேன்; ஆனால் அது செல்லாது என்று எனக்குத் தெரியும். தண்டனையைத் தீர்மானிக்க வேண்டியவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு முதல் பிள்ளைக்குப் புத்தி சொல்வது தாயின் உரிமை என்கிறார்கள். இதை வாசித்த பிறகு அந்த உரிமை எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியாது. இருக்கிற அளவுக்கு ஒன்றைச் சொல்கிறேன். நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்கும் சந்தேகம் வரும். மெலனி யாருக்கோ கைபேசியில் எழுதிச் சிரிக்கும்போது வரும், அவளுடைய வீட்டார் உன் வேலையைப் பற்றி ஒரு மாதிரிக் கேட்கும்போது வரும். வரட்டும். வந்தால் வாயைத் திறந்து அவளிடமே கேள். அசிங்கமாக இருந்தாலும் கேள், சண்டை வந்தாலும் கேள். நான் அந்தக் கோச்சிடம், என் சொந்த ஆங்கிலத்தில், "என் மகனின் முழங்கால் போனால் என்ன செய்வீர்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கமுடியாது. எனக்கு அது கேள்வியைவிடச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நீ பழகிக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தை மெலனிக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீதான் மொழிபெயர்க்க வேண்டும். எதையும் மென்மையாக்காமல் சொல். நான் இந்தத் தடவை பக்கத்தில் இருந்து சோதிக்கமாட்டேன். நாளைக்கு மூன்றாம் அறிவித்தலுக்கு நான் உன் பக்கத்தில் இருக்கவேண்டுமா, பின்வரிசை வாங்கில் இருக்கவேண்டுமா, வீட்டிலேயே இருக்கவேண்டுமா என்பதை நீ சொல். கலியாணத்துக்கும் அப்படித்தான். மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதவில்லை என்று நீ கவனித்திருப்பாய். கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய். சின்ன வயதில் இருந்தே உன் குணம் அது. நான் எழுதிவைத்ததில் நீ கையெழுத்துப் போடுவது இனியும் வேண்டாம்.

கோப்பை முழுமையாக, இந்தக் கடிதத்தை மேலே வைத்துக் கட்டி, கீழே கட்டடப் பராமரிப்பாளரின் அறையில் கொடுத்திருக்கிறேன். இன்று எடுக்க வரும் நீ அதை வாங்கிக்கொண்டு, மேலே வருவதற்கு முன்னர் காருக்குள்ளேயே இருந்து உடைத்து வாசிப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு மேலே வந்தால் சாப்பாடு இருக்கிறது. வராமல் அஜக்ஸுக்குத் திரும்பிப் போனாலும் நான் தொலைபேசி அடித்து ஏன் என்று கேட்கமாட்டேன். யன்னலில் நின்று பார்க்கவும் மாட்டேன்.

கடைசி வசனம் பொய். பார்ப்பேன்.

உன்
அம்மா